மான், வரிக்குதிரை, காண்டாமிருகம்: ஒரே அடைப்பில் விடலாமா?

ஜூன் 2, மாலை 6.10
(வாசகர் ஒருவரின் கேள்வி) சான் டியேகோ, சூரிக் பூங்காக்களில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காண்டாமிருகம், நெருப்புக்கோழி எல்லாம் ஒரே திடலில் சுற்றுகின்றன. நம் ஊரில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலி, தனி அகழி. காட்டில் எல்லாம் சேர்ந்துதானே வாழ்கின்றன? பிரித்து வைப்பதுதான் கொடுமை என்பது என் கட்சி. இடம் இல்லையா, மனம் இல்லையா?

ஜூன் 2, இரவு 9.40
கால்நடை மருத்துவம் படித்துவிட்டு சில வருடம் ஒரு உயிரியல் பூங்காவில் வேலை பார்த்தவன் நான். ஊர் பெயர் வேண்டாம்.

காட்டில் சேர்ந்து வாழ்கின்றன என்பது பாதிதான் உண்மை. அங்கே வரிக்குதிரை பக்கத்தில் வருவது பிடிக்காவிட்டால் மான் நகர்ந்து போய்விடும். அடைப்பில் வேலி வரைக்கும்தான் ஓட முடியும், அதற்கப்புறம் மூலை. எனக்கும் சேர்த்து வைப்பது பிடிக்கும், நன்றாகச் செய்தால் அந்த விலங்குகளின் நாளே மாறிவிடும், பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பூங்கா இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால் எத்தனை ஏக்கர் என்று நான் கேட்க மாட்டேன். சாயங்காலம் இவற்றை எப்படிப் பிரிப்பீர்கள், யார் பிரிப்பார்கள், பிரித்து எங்கே அடைப்பீர்கள் என்று கேட்பேன். பதில் இல்லை என்றால் அந்தத் திட்டம் வேண்டாம்.

ஜூன் 2, இரவு 10.35
மேலே சொன்னதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் நீலகாய் (மாடு மாதிரி பெரிய மான் வகை), கடமான், புள்ளிமான், வெளிமான் நான்கும் ஒரே அடைப்பில் இருந்தன. பார்க்க அழகு. சண்டை என்று ஒன்றும் கிடையாது, காயமும் இல்லை, தினசரிப் பதிவேட்டில் "அனைத்தும் நலம்" என்றே இருக்கும். ஆனால் அடர்தீவனம் வைக்கும் சிமெண்ட் தொட்டி ஒரே வரிசையில் இருந்தது. முதலில் நீலகாய் ஆண் வந்து நிற்கும், அது நின்றால் போதும், மற்றவை பத்தடி தள்ளி நிற்கும். அப்புறம் கடமான்கள், அப்புறம் கொம்புள்ள புள்ளிமான்கள். வெளிமான் பெட்டைகளும் குட்டி வைத்திருக்கும் புள்ளிமான்களும் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி, போய்ப் பார்க்கும்போது தொட்டியில் உமிதான் கிடக்கும். அடித்துத் துரத்தினால் நமக்குத் தெரிந்துவிடும். இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒதுங்கிப் போகிறவை ஒதுங்கிக்கொண்டே இருந்தன, விலா எலும்பு தெரிய ஆரம்பித்த பிறகுதான் ஆட்கள் கவனித்தார்கள்.

மூத்த காப்பாளர் ஒருவர் அதிகாரிகளைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தார். நீலகாயைத் திறந்து விடுவதற்கு முன்பே அகத்திக் கொத்துகளையும் குதிரைமசால் கட்டுகளையும் ஒன்றுக்கொன்று கண்ணில் படாத மாதிரி மரங்களிலும் புதர் மறைவிலும் பல இடங்களில் கட்டிவிடுவார். ஒரு நீலகாய் ஆண் எல்லா இடத்திலும் நிற்க முடியாதே. சில மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. தொட்டியை உடைத்துப் பலவாகப் பிரித்தது அதற்குப் பிறகுதான்.

ஜூன் 3, காலை 7.20
இரவு ஒருவர் கேட்டது: "எந்தெந்த இனங்களைச் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுங்களேன்."

கொடுக்க மாட்டேன். பட்டியல்தான் ஆபத்து. ஒரே இரண்டு இனங்கள் ஓரிடத்தில் பல வருடம் நன்றாக இருக்கும், இன்னொரு இடத்தில் முதல் வாரமே ஒன்று செத்துப்போகும். அந்த ஒரு ஆண் விலங்கின் குணம், கதவு எங்கே இருக்கிறது, எதை முதலில் குடியேற்றினார்கள், இதெல்லாம் பட்டியலில் வராது. பெரிய, முரட்டு விலங்கை முதலில் விட்டுப் பழக்கிவிட்டு சின்னதைக் கொண்டுவந்தால் சின்னது அந்நியன். சின்னது முதலில் வந்து எந்தப் புதர், எந்தச் சந்து என்று தெரிந்துகொண்ட பிறகு பெரியதை விட்டால் கதை வேறு.

ஜூன் 3, மதியம் 1.05
பட்டியல் இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லலாம், இதை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். குளம்பு விலங்குகளில் குட்டி வளர்ப்பு இரண்டு விதம். வில்டபீஸ்ட் (ஆப்பிரிக்கப் பெரிய மான் வகை), வரிக்குதிரைக் குட்டிகள் பிறந்து கொஞ்ச நேரத்தில் எழுந்து தாயின் பின்னாலேயே ஓடும். வெளிமான், புள்ளிமான், நீலகாய் இவை குட்டியைப் புல்லில் ஒளித்துவிட்டு மேயப் போகும், பால் கொடுக்க மட்டும் வரும். குட்டி அசையாமல் படுத்திருக்கும். புலி, சிறுத்தை கண்ணில் படாமல் இருக்க அது நல்ல வழி. அடைப்பில் அதுவே எமன். வரிக்குதிரை ஆண் புல்லில் எதையாவது மோந்து கண்டுபிடித்தால், கடிக்கும், முன்னங்காலால் மிதிக்கும். குட்டி ஓடாது, ஓடக் கூடாது என்றுதான் அதன் உடம்பு சொல்லிவைத்திருக்கிறது. வரிக்குதிரை ஆண்கள் மான் குட்டிகளைக் கொல்வது பல நாட்டுப் பூங்காக்களில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

ஆகவே பத்து மாதம் அமைதியாக இருந்தது என்பதற்கு மதிப்பில்லை. குட்டி ஈனும் நாளில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

ஜூன் 4, இரவு 8.50
அகழி வைத்துக் காட்டும் முறைக்கும் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கும் தொடர்பு உண்டா என்று கொழும்பிலிருந்து கேட்டவருக்கு: ஆமாம், நேரடித் தொடர்பு உண்டு. கம்பிக்கூண்டை விட்டுவிட்டு அகழி வைத்து விலங்குகளைக் காட்டும் முறைக்கு 1896இல் காப்புரிமை வாங்கியவர் ஹாம்பர்க்கின் கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஸ்டெல்லிங்கனில் திறந்த பூங்காவில் முன்னால் நீர்ப்பறவைகள், அதன் பின்னால் வரிக்குதிரையும் மான்களும், அதற்கும் பின்னால் சிங்கம், கடைசியில் செயற்கைப் பாறையில் மலை ஆடுகள். நடுவில் உள்ள அகழிகள் பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. எல்லாம் ஒரே வெளியில் நிற்பது போலத் தோன்றும். எந்த விலங்கு எவ்வளவு தாண்டும் என்று சோதித்துப் பார்த்தே அகழிக்கு அளவு வைத்தார். அவருடைய சகோதரர் ஜான் ஹாகன்பெக் இலங்கையில் விலங்கு வணிகம் செய்து தெஹிவளையில் வைத்திருந்த இடம்தான் 1936இல் அரசு கைக்கு வந்து இன்றைய மிருகக்காட்சிசாலை ஆனது.

வண்டலூரில் 1985இல் திறந்ததும் அதே அகழி வழிதான். சென்னை நகருக்குள் 1855 முதல் இருந்த பழைய பூங்காவின் கூண்டுகளைப் பார்த்தவர்கள் வண்டலூரைப் பார்த்து அசந்துபோனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஹாகன்பெக் செய்தது சேர்த்து வைத்தது போன்ற தோற்றம். உண்மையில் ஒவ்வொன்றும் தனித்தனி. காற்று வாக்கில் சிங்கத்தின் வாடை வரும் இடத்தில் வரிக்குதிரை நாள் முழுக்க நிற்பது அதற்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அது பார்க்கிறவர் கண்ணுக்காகச் செய்தது.

ஜூன் 6, இரவு 11.15
நோய் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இனத்தின் உடம்பில் ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கும் வைரஸ் பக்கத்து இனத்தைக் கொன்றுவிடும். வில்டபீஸ்ட்டுக்கு ஒரு ஹெர்பீஸ் வைரஸ் உண்டு, அதற்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. முக்கியமாக சின்னக் கன்றுகளின் மூக்குச் சளி, கண்ணீரில் அது வெளியே வரும். அதுவே மாட்டு இனங்களுக்கும் பல மான் இனங்களுக்கும் போனால் கடும் காய்ச்சல், மூக்கிலும் வாயிலும் புண், கண் வெளுத்துப்போகும், பெரும்பாலும் சாவுதான். செம்மறி ஆட்டிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்கத் திடல் என்று படம் வரைந்து வில்டபீஸ்ட்டைப் போட்டுவிட்டு வேலிக்கு அடுத்த பக்கம் காட்டுமாட்டை வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழந்தைகள் தொட்டுப் பார்க்க செம்மறிக் குட்டிகளை விட்டு, பக்கத்திலேயே மான் அடைப்பு வைக்கிறவர்களும்தான்.

குரங்கிலும் உண்டு. தென் அமெரிக்க அணில் குரங்குகளின் உடம்பில் சாதாரணமாக இருக்கும் ஹெர்பீஸ் வகைகள் டாமரின், மார்மோசெட் குரங்குகளை ஒழித்துவிடும். மூன்றும் ஒரே கண்டத்துச் சின்னக் குரங்குகள், ஒரே கூண்டில் போடத் தோன்றும்.

எனக்கு மிகவும் கலக்கம் தந்தது ஜெர்மனியின் வுப்பர்டால் பூங்காவில் 2010இல் நடந்தது. ஜெர்கா என்ற பெண் பனிக்கரடி மூளை அழற்சியில் செத்தது. கூட இருந்த ஆண் கரடி லார்ஸ் நோயில் விழுந்து பிழைத்தது. பார்த்தால் வரிக்குதிரையிலிருந்து வந்த ஹெர்பீஸ் வைரஸ். வரிக்குதிரைகள் அதே அடைப்பில் இல்லை, தள்ளித்தான் இருந்தன. காட்டில் ஒருநாளும் சந்திக்காத இரண்டு விலங்குகள். ஒரே பூங்கா என்பதே ஒரு வகையில் ஒரே அடைப்புதான்.

நம் ஊரில் எங்களுக்கு உடனடி பயம் கோமாரி. பிளவுபட்ட குளம்பு உள்ள எல்லாவற்றுக்கும் வரும்: மான், நீலகாய், காட்டுமாடு. சுற்றிலும் உள்ள கிராமத்து மாடுகளில் கோமாரி என்று தகவல் வந்தால் தீவன வண்டியின் சக்கரத்துக்கு மருந்து தெளிப்போம், ஆட்களின் செருப்பை மாற்றுவோம். நான்கு மான் இனம் ஒரே அடைப்பில் இருந்தால் ஒன்றுக்கு வந்தது நான்குக்கும் வந்த மாதிரி. வரிக்குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, கோமாரி வராது. குட்டியை மிதிக்கும் என்று மேலே எழுதினேனே, அதே வரிக்குதிரை இந்த ஒரு கணக்கில் மட்டும் மானுக்கு நல்ல துணை.

ஜூன் 7, காலை 6.45
யானைகளைப் பற்றி ஒருவர் எழுதியதைத் திருத்த வேண்டும். ஆசிய யானைக் கன்றுகளைக் கொல்லும் ஹெர்பீஸ் ஆப்பிரிக்க யானையிடமிருந்து ஒட்டிக்கொண்டது, சேர்த்து வைத்ததால் வந்தது என்று எழுதியிருக்கிறார். 1999 வாக்கில் ஆய்வாளர்கள் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் ஆசிய யானைகளுக்கென்றே சொந்தமாக இந்த வைரஸ் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, இந்தியக் காடுகளிலேயே கன்றுகள் இதனால் செத்திருக்கின்றன. இரண்டு யானை இனங்களையும் சேர்த்து வைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு வேறு காரணங்கள் போதும்.

அதில் ஒன்று, 1978இல் இங்கிலாந்தின் செஸ்டர் பூங்காவில் ஆப்பிரிக்க ஆணுக்கும் ஆசியப் பெண்ணுக்கும் ஒரு கன்று பிறந்தது. மோட்டி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வாரம் கூட உயிரோடு இல்லை.

ஜூன் 8, இரவு 9.30
"நீங்கள் பயமுறுத்தவே எழுதுகிறீர்கள்" என்று கேள்வி கேட்டவர் வருத்தப்பட்டிருக்கிறார். இல்லை. நன்றாக நடப்பதையும் சொல்கிறேன்.

எடின்பரோ பூங்காவில் 2008இல் இருந்து கபுச்சின் குரங்குகளும் அணில் குரங்குகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. காட்டிலேயே இவை சேர்ந்து இரை தேடும் இனங்கள். அங்கே எனக்குப் பிடித்த விஷயம் உள்ளறைக்குப் போகும் சந்துகள். அணில் குரங்கு நுழையும் அளவுக்குத்தான் திறப்பு, கபுச்சின் நுழைய முடியாது. சின்னதுக்கு மட்டும் ஓர் அறை. அந்த அறை இருப்பதால்தான் அது தைரியமாக வெளியே வந்து பெரியதோடு கலந்து உட்காருகிறது. டாமரினைக் கொல்லும் என்று மேலே சொன்னேனே, அதே அணில் குரங்குதான் இது. துணை மாறினால் கதை மாறுகிறது.

சுவிட்சர்லாந்தின் பாசல் பூங்காவில் நம் அசாம் காண்டாமிருகத்தோடு நீர்நாய்களையும் கேளையாடுகளையும் (குரைக்கும் மான்) வைத்திருக்கிறார்கள். காண்டாமிருகம் சேற்றில் படுத்திருக்கும், நீர்நாய்கள் பக்கத்திலேயே விளையாடும். ஒன்றின் சாப்பாடு இன்னொன்றுக்கு வேண்டாம், ஒன்று நுழையும் இடத்தில் இன்னொன்று நுழைய முடியாது. சான் டியேகோவில் உராங்குட்டானும் சியாமாங் குரங்கும் சேர்ந்து இருக்கின்றன. சுமத்ரா காட்டில் இரண்டும் ஒரே மரங்களில் திரிபவைதான்.

ஜூன் 8, இரவு 9.55
விட்டுப்போனது. இந்த மாதிரி ஒன்று நம் நாட்டு விலங்குகளை வைத்தே செய்யலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. சாம்பல் மந்தியும் புள்ளிமானும். முதுமலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், மந்தி மேலே உட்கார்ந்து பாதி தின்று பாதி போட, கீழே மான்கள் பொறுக்கித் தின்னும். மந்திக்கு உயரத்திலிருந்து கண், மானுக்கு மூக்கும் காதும். சிறுத்தை வந்தால் எது முதலில் கத்தினாலும் மற்றது கேட்டுக்கொள்ளும். தீவனத்துக்குப் போட்டி இல்லை, ஒன்று மரத்தில், மற்றது தரையில். காசநோய் மட்டும் இரண்டுக்கும் வரும், சேர்ப்பதற்கு முன் சோதனை கட்டாயம். உயரமான நல்ல மரங்கள் உள்ள அடைப்பு வேண்டும், மரத்திலிருந்து வேலிக்கு வெளியே தாவாதபடி.

ஜூன் 11, மதியம் 2.30
சிங்கமும் புலியும் ஒன்றாக இருக்கும் பழைய புகைப்படம் போட்டு "இது மட்டும் எப்படி நடந்தது" என்று கேட்டவருக்கு. குட்டியிலிருந்து சேர்த்து வளர்த்தால் நடக்கும். கல்கத்தா அலிப்பூர் பூங்காவில் அதைத் திட்டமிட்டே செய்தார்கள். 1971இல் புலித் தந்தைக்கும் சிங்கத் தாய்க்கும் ருத்ராணி பிறந்தது. ருத்ராணியை ஆசியச் சிங்கத்தோடு சேர்த்து 1979இல் குபானாகன். அப்போது அது சாதனையாகப் பேசப்பட்டது. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அழிந்துகொண்டிருந்த இனங்களின் ஆண்கள் தம் இனக்குட்டிகளுக்குத் தந்தையாக வேண்டிய வருடங்களை யாருடைய வேடிக்கைக்காகக் கொடுத்தன?

இதைவிடப் பெரிய சேதம் சத்தமில்லாமல் நடந்தது. சர்க்கஸ்களில் இருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் குஜராத்தின் கிர் காட்டு வழி வந்த ஆசியச் சிங்கங்களும் சண்டிகர் பக்கத்தில் சத்பீர் பூங்காவில் கலந்து பெருகிவிட்டன. இரண்டும் சிங்கம்தானே என்று விட்டதன் விளைவு. கடைசியில் இனப்பெருக்கத்தையே நிறுத்தி, இருந்தவை வயதாகிச் சாகும் வரை பராமரிக்க வேண்டியதாயிற்று. சேர்த்து வைப்பது என்றதும் தூரத்து இனங்களைத்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். நெருங்கிய உறவுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. புள்ளிமானும் அதன் நெருங்கிய உறவான பாடா மானும் கூடக் கலக்கும்.

ஜூன் 14, காலை 8.10
கிண்டியை ஏன் யாரும் சொல்லவில்லை? 1978இல் தேசியப் பூங்கா ஆன அந்த 270 ஹெக்டேரும் பக்கத்து ஐஐடி வளாகமும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கலப்பு அடைப்புதான், சுற்றிலும் நகரம். வெளிமான் அந்த மண்ணுக்குச் சொந்தம், புள்ளிமான் மனிதர் கொண்டுவந்து விட்டது. இன்று போனால் புள்ளிமான் கூட்டம் கூட்டமாகத் தெரியும், வெளிமானைத் தேட வேண்டும். ஒன்றை ஒன்று கொல்லவில்லை. புதர் மண்டிப் புல்வெளி சுருங்கினால் புள்ளிமான் சமாளிக்கும், இலை தழை எதையும் தின்னும். வெளிமானுக்குத் திறந்த வெளி வேண்டும், தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து ஓடிப் பழகிய கால்கள் அவை. தொட்டியில் நான் பார்த்த கடைசிப் பந்தியின் பெரிய வடிவம் இது என்று தோன்றுகிறது.

ஜூன் 15, இரவு 10.00
இடத்தைப் பற்றி இன்னொரு தடவை யோசித்தேன், சான் டியேகோவில் வேலை செய்த நண்பரின் வீடியோ அழைப்புக்குப் பிறகு. அங்கே சஃபாரி பூங்கா 1972இல் திறந்தது, மொத்தம் சுமார் 730 ஹெக்டேர். வண்டலூர் சுமார் 600. ஆகவே "நம்மிடம் இடம் இல்லை" என்பது பதில் ஆகாது. அவர்கள் அதில் பல பத்து ஏக்கர் அளவில் ஒவ்வொரு திடலும் விட்டிருக்கிறார்கள், பல விலங்குகளை ராத்திரியும் வெளியிலேயே விடுகிறார்கள். எனவே சாயங்காலம் பிரிக்கும் கேள்வி அவ்வளவு பெரிய திடலுக்கு அப்படியே பொருந்தாது, அங்கே விலகிப் போகவே இடம் உண்டு. ஆனால் அங்கும் ஓரங்களில் தனி அடைப்புகள் கட்டிவைத்திருக்கிறார்கள்: புதிதாக வந்தது, நோய்ப்பட்டது, ஈனப்போவது என்று தனியே வைக்க. சூரிக் 2020இல் திறந்த லேவா திடலில் காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் ஒன்றாக நிற்பதை வீடியோவில் பார்க்கிறீர்கள், பின்னால் இருக்கும் கொட்டகைகளை யாரும் வீடியோ எடுப்பதில்லை. நம் ஊரில் டெண்டர் விடும்போது முதலில் வெட்டுவது அந்தக் கொட்டகையைத்தான். முன்பக்கம் பாறையும் அருவியும் கட்டிவிடுவார்கள். இது எனக்கு உண்மையாகவே கோபம் தரும் விஷயம்.

ஜூன் 18, மாலை 5.25
ஒரு சிறிய பூங்காவில் வேலை பார்க்கும் தம்பி தனிச்செய்தியில் கேட்டார், அனுமதியோடு இங்கே போடுகிறேன். அவர்களிடம் நீலகாயும் வெளிமானும் ஏற்கெனவே ஒரே அடைப்பில் இருக்கின்றன, பிரிக்கப் பணம் இப்போது இல்லை, என்ன செய்யலாம்?

தம்பி, பணம் அதிகம் வேண்டாம். அடைப்பின் ஒரு மூலையை, வாசலுக்கும் பார்வையாளர் பாதைக்கும் தூரமான மூலையாகப் பார்த்து, கம்பிகளை நெடுக்குவாக்கில் நட்டுத் தடுத்துவிடுங்கள். வெளிமான் பெட்டையும் குட்டியும் உடம்பை நுழைக்கும் இடைவெளி மட்டும் விடுங்கள், வளர்ந்த நீலகாய் நுழைய முடியாத அகலமாக. திறப்பு ஒன்றாக இருக்கக் கூடாது, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆண் வாசலில் நின்று மறித்துவிடும். உள்ளே புல்லை உயரமாக வளர விடுங்கள், அடர்தீவனத்தில் ஒரு பங்கை அங்கேயே வையுங்கள். வெளிமான் ஆணுக்கு முறுக்குக் கொம்பு விரிந்திருக்கும், அதனால் அதுவும் அந்தக் கம்பிக்குள் தலையை நுழைக்க முடியாது. கொம்பு மாட்டிக்கொள்ளாதபடி இடைவெளியை முதலில் மூங்கிலை வைத்துக் கட்டிப் பார்த்து, ஒரு வாரம் கவனித்துவிட்டுப் பிறகு இரும்பில் போடுங்கள்.